கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கி

செஞ்சிக்கு வர நினைக்கிறவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, கல்யாண மகால், சிங்கவரம் ரங்கநாதர், திருநாதர்குன்றின் 24 தீர்த்தங்கரர்கள், மேல்சித்தாமூர் சமண மடம் என்று வரிசையாகப் போய், கடைசியில் 'நேரமிருந்தால் தளவானூர்' என்று முடியும். திட்டம் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் வந்தால், நான் முதலில் செய்கிற காரியம் அந்தக் கடைசி வரியைத் தூக்கி மேலே வைப்பதுதான். நேரமிருந்தால் என்று எழுதிய இடத்துக்கு யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

நான் டிராவல்ஸ் நடத்துபவன் அல்ல. பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். தெரிந்தவர்கள் கேட்பார்கள், பிறகு தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் கேட்பார்கள். புதுச்சேரியிலிருந்து ஆசிரியைகள் சிலர், விழுப்புரத்திலிருந்து கல்லூரிப் பிள்ளைகள், சென்னையிலிருந்து ஒரு குடும்பம். இரண்டு பகல், ஒரு இரவு, கையைக் கடிக்காத செலவு: இதற்கு மேல் என் கணக்கு போகாது. போகவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். பெரிய பயணத்தில் ஒரு நாள் வீணானால் இன்னொரு நாள் இருக்கிறது. சின்னப் பயணத்தில் ஒரு பஸ்ஸை விட்டால் பாதிப் பயணம் போய்விடும். அதனால் சின்னதற்குத்தான் திட்டம் அதிகம் தேவைப்படுகிறது.

தளவானூரை மேலே வைப்பதற்குக் காரணம் அங்கிருக்கும் குடைவரைக் கோயில்மேல் எனக்குள்ள பிரியம் மட்டுமல்ல. செஞ்சிக் கோட்டைக்கு எந்த நேரமும் வண்டி உண்டு. திண்டிவனம் – திருவண்ணாமலை சாலை கோட்டைக்குள்ளேயே நுழைந்து போகிறது. தளவானூர் அப்படி இல்லை. செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையை விட்டுப் பிரிந்து உள்ளே போக வேண்டும். டவுன் பஸ் வரும் நேரம் என்று சில உண்டு, மற்ற நேரங்களில் மெயின் ரோட்டில் இறங்கி ஆட்டோ பேச வேண்டும், இல்லையென்றால் நடக்க வேண்டும். எளிதாகப் போகக்கூடிய இடத்துக்கு முதலில் நேரம் ஒதுக்கினால், அரிதான இடத்துக்கு மிச்சம்தான் கிடைக்கும். அரிதானதை முதலில் நட்டுவைத்துவிட்டால், எளிதானது எந்த இடுக்கிலும் பொருந்திக்கொள்ளும்.

இன்னொரு சங்கதி. விழுப்புரம் மாவட்டத்தில் தளவானூர் என்ற பெயரில் இரண்டு ஊர். ஒன்று நம் குடைவரைத் தளவானூர். மற்றது விழுப்புரத்துக்குத் தெற்கே தென்பெண்ணைக் கரையில். அங்கிருந்து அக்கரை எனதிரிமங்கலம் வரை ஆற்றின் குறுக்கே கட்டிய தடுப்பணை 2021 ஜனவரியில் உடைந்து செய்தியானதே, அந்தத் தளவானூர். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் போய் வெறுமனே "தளவானூர் பஸ் எது?" என்று கேட்டால் ஆற்றங்கரைக்கு ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை, அங்கே போகிற ஜனம்தான் அதிகம். கைபேசி வரைபடமும் சில சமயம் இதே வேலையைச் செய்யும். மண்டகப்பட்டு பக்கத்துத் தளவானூர் என்று கேட்க வேண்டும். நான் எழுதிக்கொடுக்கும் தாளில் இதை அடிக்கோடிட்டு வைப்பேன்.

திட்டம் போடும் முறைக்கு வருகிறேன். எல்லாரும் புறப்படும் நேரத்திலிருந்து தொடங்குகிறார்கள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டு மணிக்கு இங்கே, பத்து மணிக்கு அங்கே என்று. நான் ஞாயிற்றுக்கிழமை இரவிலிருந்து தொடங்குவேன். ஞாயிறு மாலையில் திண்டிவனத்தைத் தாண்டிச் சென்னை போகும் பஸ் எல்லாம் நிறைந்துதான் வரும். தெற்கே போன ஜனம் முழுக்க அந்த நேரத்தில்தான் ஊர் திரும்பும். ஆகவே செஞ்சியை விட்டு மூன்று மணிக்குள் கிளம்பியாக வேண்டும். மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் ஒரு மணிக்குச் சாப்பாடு; அதற்கு முன் ராஜகிரியிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். ஏறி, மேலே சுற்றி, இறங்க, சாதாரண உடம்புக்காரருக்கு மூன்று மணி நேரம் வைக்கலாம். அப்படியானால் சீட்டு கொடுக்கத் தொடங்கியதுமே உள்ளே நுழைய வேண்டும். அதற்கு முந்தைய இரவு செஞ்சியிலேயே தங்க வேண்டும். ஆக, தளவானூரும் மண்டகப்பட்டும் சனிக்கிழமைக்குத்தான். இப்படிப் பின்னாலிருந்து வந்தால் திட்டம் தானாகவே ஒரு வடிவத்துக்கு வந்துவிடுகிறது. இதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை, கடைசி பஸ் சொல்வதைக் கேட்கிறேன், அவ்வளவுதான்.

கடைசி பஸ் எது என்பதை எங்கே கேட்பது? இணையத்தில் இருக்கும் கிராமத்து பஸ் நேரங்களை நான் நம்புவதில்லை. பஸ் ஸ்டாண்டில் நேரம் குறிக்கும் டைம் ஆபீஸ் இருக்கும், அங்கே கேட்கலாம். அதைவிட நல்ல சாட்சி, அந்த ஊர்ச் சாலையில் தேநீர்க் கடை வைத்திருப்பவர். அவருடைய வியாபாரமே பஸ்ஸை நம்பியிருக்கிறது. இரவு ஊரிலேயே நிற்கிற வண்டி எது, அது விடியற்காலை எத்தனை மணிக்கு எடுக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எந்த நடை ஓடாது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து தெளிவாக வரும். ஞாயிறு ஓடாத நடை என்று ஒன்று எப்போதும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்காக விட்ட வண்டி, பள்ளி இல்லாத நாளில் வராது.

சனிக்கிழமை வழி இப்படி. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம், அங்கிருந்து செஞ்சி சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் மண்டகப்பட்டு, அங்கிருந்து தளவானூர், பொழுது சாய்வதற்குள் செஞ்சி. மறுநாள் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திண்டிவனம் வழியாகத் திரும்பல். போன வழியில் திரும்பக் கூடாது என்பது என் பிடிவாதம். வட்டமாகப் போனாலும் டிக்கெட் காசு பெரிதாகக் கூடுவதில்லை, ஆனால் இரண்டு மடங்கு ஊர் கண்ணில் படும்.

மண்டகப்பட்டைத் தளவானூருக்கு முன்னால் வைப்பதற்கும் காரணம் உண்டு. இரண்டுமே முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தவை, ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை. மண்டகப்பட்டுக் கல்வெட்டில், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் விசித்திரசித்தன் என்ற பட்டப்பெயருள்ள இந்த அரசன் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் எடுப்பித்த கோயில் என்று சொல்லியிருக்கிறது. அரசனே ஆச்சரியப்பட்டுக்கொண்டு பேசுகிற தொனி அதில் உண்டு. ஆனால் கோயில் எளிமை: கனத்த சதுரத் தூண்கள், இரண்டு ஓரத்திலும் வாயிற்காவலர்கள், உள்ளே மூன்று வெற்று அறைகள். இதைப் பார்த்த கண்ணோடு தளவானூர் போக வேண்டும். பஞ்சபாண்டவ மலை என்று ஊரார் சொல்லும் பாறையின் தென்முகத்தில் முகப்பு. தூண்களுக்கு மேலே மகரத் தோரணம், கபோதத்தில் கூடுகள், ஒவ்வொரு கூட்டிலும் ஒரு முகம். கல்லில் எப்படிச் செய்வது என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், இன்னும் என்னென்ன செய்யலாம் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள் என்பது தெரியும். வரிசையை மாற்றினால், தளவானூரைப் பார்த்துவிட்டு மண்டகப்பட்டுக்கு வருபவர்கள் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து "இவ்ளோதானா சார்?" என்பார்கள்.

தளவானூரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். குடைவரை தெற்கு நோக்கியிருக்கிறது, ஆனால் கருவறை கிழக்கு நோக்கி. உள்ளே போனதும் இடப்பக்கம் திரும்பினால்தான் சன்னதி. தனக்கென்று இரண்டு தூண், தனக்கென்று வாயிற்காவலர்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியாது. சத்ருமல்லேஸ்வராலயம் என்று அரசனின் சத்ருமல்லன் என்ற பட்டப்பெயரால் இந்தக் கோயிலுக்குப் பெயர். வடமொழியில் ஒரு கல்வெட்டு, தமிழில் ஒரு செய்யுள். அந்தச் செய்யுளில் ஊரின் பழைய பெயர் வெண்பேடு என்று வருகிறது. எழுத்துகளை இன்றைய கண்ணால் படிக்க முடியாது. படித்துக் காட்ட ஆள் இல்லாத குழுவிடம் நான் இதை வற்புறுத்துவதில்லை.

தெற்கு நோக்கிய முகப்பு என்பதால் காலமும் முக்கியம். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 பாகையில் இருக்கிறது. வைகாசி, ஆனி மாதங்களில் உச்சிச் சூரியன் நம் தலைக்கும் வடக்கே போய்விடும். அப்போது நண்பகலில் தளவானூர் முகப்பில் நேர் வெயில் விழாது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும். வெளிச்சம் முகப்பில் முழுக்க விழுந்து மண்டபத்துக்குள்ளும் கொஞ்சம் போகும். தோரணத்தில் இருக்கும் மெல்லிய புடைப்பு வேலைகள் அப்போதுதான் எழுந்து நிற்கும். வெயிலும் இதம், கண்ணுக்கும் விருந்து. டிசம்பர், ஜனவரியில் வாருங்கள் என்று நான் சொல்வது குளிருக்காக மட்டும் இல்லை.

ஒரு மணி நேரம் போதுமா என்று கேட்பார்கள். ஒன்றரை மணி நேரம் எழுதி வைப்பேன். அதில் அரை மணி நேரம், கம்பிக் கதவுக்குச் சாவி வைத்திருக்கும் காவலர் பக்கத்தில் எங்காவது போயிருந்தால் அவர் வரும் வரைக்கும். முன்கூட்டி ஊருக்குள் சொல்லி வைத்தால் இந்த அரை மணி மிச்சம். அப்போது பாறை நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றை அவிழ்க்கலாம். சுற்றிலும் ஓட்டல் கிடையாது, எனவே புளிச்சோறு, தண்ணீர் இரண்டும் கூடவே வர வேண்டும். இலையும் குப்பையும் அதே பையில் திரும்பிப் போக வேண்டும்.

இந்தக் குடைவரைகளைத் தேடி வந்தவர்களில் என் மனசுக்கு நெருக்கமானவர் ஒரு பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியில் ஆசிரியராக வேலை பார்த்த ழூவோ துப்ரெய். பல்லவர் தொல்பொருள்கள் பற்றி 1916-லும் 1918-லும் இரண்டு பகுதிகளாக வெளியிட்டவர். மகேந்திரன் பாணி, மாமல்லன் பாணி, ராஜசிம்மன் பாணி என்று இன்றைக்கு நாம் சரளமாகப் பேசுகிற பிரிவினைக்கு வழி போட்டவர்களில் ஒருவர். பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் எனக்குச் சற்றுக் கூடுதல் ஒட்டுதல். அவர் காலத்தில் புதுச்சேரி பிரான்ஸ், விழுப்புரம் பிரிட்டிஷ் இந்தியா. நாம் இன்றைக்கு ஒரு டிக்கெட்டில் போகிற வழி அவருக்கு ஒரு தேசம் விட்டு இன்னொரு தேசம் போகிற வழி. அதுவும் ஒரே ஒரு எல்லை அல்ல. பிரெஞ்சு ஊர்களும் பிரிட்டிஷ் ஊர்களும் சதுரங்கக் கட்டம் மாதிரி கலந்து கிடந்தன. இப்போதும் புதுச்சேரியிலிருந்து திருக்கனூர்ப் பக்கமாகத் திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குப் போகிறவர்கள் கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போனால், எந்த ஊர் எந்த அரசாங்கம் என்று விளையாடலாம். மதுக்கடை நெருக்கமாக வந்தால் புதுச்சேரி. பெட்ரோல் பங்க்கில் தமிழ்நாட்டு வண்டிகள் வரிசையாக நின்றாலும் புதுச்சேரிதான். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, அவர்களில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. எல்லைக்கோடு மட்டும் அப்படியே மாநில எல்லையாக நிற்கிறது.

எல்லை இருந்தால் விலை வித்தியாசம் இருக்கும். சிக்கனப் பயணத்துக்கு அதுதான் அடிப்படை. சனிக்கிழமை இரவு புதுச்சேரியில் தங்கி செஞ்சிக்குப் போய் வரலாமே என்று பலர் கேட்பார்கள். வார இறுதியில் சென்னையும் பெங்களூரும் புதுச்சேரிக்கு வந்து இறங்கும். அறை வாடகை ஏறிவிடும். அதே இரவு செஞ்சியிலோ விழுப்புரத்திலோ சாதாரண லாட்ஜ் கிடைக்கும். கடற்கரைக்கு ஒரு வார நாளில் போய்க்கொள்ளுங்கள் என்பேன். போகும்போது காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கருங்கல் தூண்களைப் பாருங்கள். அவை செஞ்சியிலிருந்து போனவை. 1750 முதல் 1761 வரை கோட்டை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது, அந்தத் தொடர்பில் வண்டியேறிய தூண்கள். செஞ்சி வெங்கடரமணர் கோயிலில் நிற்கும்போது இந்தத் தூண்களை நினைத்துக்கொள்பவர்கள் கொஞ்சம்தான். அந்த இரண்டு இடத்தையும் ஒரே பயணத்தில் பார்க்க வைப்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் உண்டு.

இந்தக் கணக்கு ஐரோப்பாவுக்கும் செல்லும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. என் பழைய மாணவன் ஒருவன் ஜெர்மனியில் ஃபிரைபர்க் நகரத்தில் இருக்கிறான். அப்பா அம்மாவை வரவழைத்திருந்தான். "சார், ஒரு வாரத்துல பாரிஸ், பிரசல்ஸ், ஆம்ஸ்டர்டாம், சுவிஸ் எல்லாம் காட்டணும்" என்று எழுதினான். நான் ஐரோப்பாவுக்குப் போனதில்லை. ஆனால் கால அட்டவணை படிக்கத் தெரியும், தேசப்படத்தோடு வாழ்ந்தவன்.

ஆசை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். ஷெங்கன் விசா ஒன்று எடுத்தால் 29 நாடுகளுக்குப் போகலாம். பெரியவர் ஒருவருக்குக் கட்டணம் 90 யூரோ, 2024 ஜூனிலிருந்து. ஒரு நாடு பார்த்தாலும் அதே 90, ஒன்பது பார்த்தாலும் அதே 90. காசு கட்டியாகிவிட்டது, விடுவானேன் என்று மனசு கணக்குப் போடுகிறது. கல்யாண விருந்தில் இலையில் விழுந்ததையெல்லாம் சாப்பிட்டே தீருவது மாதிரி. ஆனால் அந்த 90-ஐ விட, ஊருக்கு ஊர் மாறும் ரயில் கட்டணமும் ஒவ்வொரு இரவின் புது ஓட்டலும்தான் பர்ஸைக் காலி செய்கின்றன. வயதானவர்களுக்குப் பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதே பாதி உயிர்.

எனவே படுக்கை ஒரே இடம், மகன் வீடு. ஃபிரைபர்க்கிலிருந்து இரண்டு தேசம் கைக்கெட்டும் தூரத்தில். ஜெர்மனியில் மாதச் சீட்டு ஒன்று உண்டு, 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கினார்கள், பிறகு விலை ஏறியிருக்கிறது. வேக ரயிலில் ஏறக் கூடாது; மற்ற வட்டார ரயில், பஸ், டிராம் எல்லாவற்றிலும் செல்லும். அது சந்தா முறை. நிறுத்தச் சொல்லி முந்தைய மாதம் 10-ம் தேதிக்குள் சொல்லாவிட்டால் அடுத்த மாதக் காசும் போய்விடும். இந்த ஒரு வரிதான் அந்தத் திட்டத்தில் நான் சிவப்பில் எழுதியது. அந்தச் சீட்டிலேயே பாசல் நகரத்து ஜெர்மன் ரயில் நிலையம் வரை போகலாம். நிலையம் இருப்பதோ சுவிஸ் மண்ணில். சுவிட்சர்லாந்தில் பார்ப்பது மலிவு, சாப்பிடுவதும் படுப்பதும்தான் விலை. கட்டுச்சோறு கொண்டுபோய், தெரு நீரூற்றுகளில் நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டு, மாலையில் திரும்பினார்கள்.

இன்னொரு நாள் பிரான்ஸ். கேல் என்ற ஜெர்மன் எல்லை ஊர் வரைக்கும் ரயில். அங்கிருந்து ரைன் ஆற்றுப் பாலத்தின் மேல் டிராம், 2017-லிருந்து ஓடுகிறது. ஆற்றைத் தாண்டினால் ஸ்ட்ராஸ்பர்க். பிரெஞ்சுக்காரர்கள் புகையிலை வாங்க அதே டிராமில் எதிர்த்திசையில் வருவார்கள் என்று மாணவன் சொன்னான். நம் திருக்கனூர்ப் பக்கம்தான், ஆறு மட்டும் பெரிது. பாரிஸை எடுத்துவிட்டேன். ஆம்ஸ்டர்டாமையும். அவன் அப்பா பிறகு தொலைபேசியில் பேசியபோது பாரிஸைப் பற்றிக் கேட்கவே இல்லை. டிராமில் உட்கார்ந்தபடியே தேசம் மாறியதைத்தான் இரண்டு தடவை சொன்னார். ஷெங்கன் என்பது லக்சம்பர்க்கில் மூன்று தேசம் சந்திக்கும் இடத்தில் இருக்கும் ஒரு சிற்றூர், 1985-ல் அங்கேதான் அந்த ஒப்பந்தம் கையெழுத்தானது என்று சொன்னேன். "அப்ப நம்ம திருக்கனூர் மாதிரி ஒரு ஊரு பேர்லதான் விசாவே குடுக்கிறாங்களா!" என்றார்.

லக்சம்பர்க்கில் 2020 பிப்ரவரி 29 முதல் பஸ், டிராம், ரயில் எல்லாம் இலவசம், ரயிலில் முதல் வகுப்பு மட்டும் விலக்கு. நாமும் குறைந்தவர்கள் இல்லை. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. புதுச்சேரி ஆசிரியைகளுக்குத் திட்டம் போட்டபோது இதுவே திட்டத்தின் முதுகெலும்பானது. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் புறநகர் வண்டியில் டிக்கெட் வாங்க வேண்டும். கிராமங்களுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் வேண்டாம். ஒரே சாலையில் இரண்டு வகை வண்டியும் ஓடும். கொஞ்சம் காத்திருக்கத் தயாராக இருந்தால் காசு மிச்சம். அவர்கள் காத்திருந்தார்கள். அந்த மிச்சத்தில்தான் தளவானூருக்கு ஆட்டோ வைத்தார்கள். ஆட்டோவை இறக்கிவிட்டுப் போகச் சொல்லக் கூடாது. காத்திருந்து திரும்பக் கூட்டிவர முழுத்தொகையாகப் பேச வேண்டும். திரும்பும்போது அங்கே வேறு ஆட்டோ கிடைக்காது.

"ஒரு கார் வெச்சுக்கிட்டா எல்லாம் முடிஞ்சிடும் சார்" என்று சொல்பவர்கள் உண்டு. முடியும்தான். நான்கு பேருக்கு மேல் இருந்தால் தலைக்கு வரும் தொகை அப்படி ஒன்றும் அதிகமும் இல்லை, முதியவர்கள் இருந்தால் நானே கார் என்றுதான் எழுதுவேன். ஆனால் கார் வந்ததும் பட்டியல் நீள ஆரம்பிக்கும். வண்டி இருக்கே, பனமலையும் பார்த்துடலாம், திருவண்ணாமலையும் எட்டிப் பார்த்துடலாம் என்று. பனமலை தாளகிரீஸ்வரர் கோயிலில், சிவனின் ஆட்டத்தைப் பார்த்து நிற்கும் உமையின் ஓவியம் சுவரில் மிஞ்சியிருக்கிறது. அதற்காக ஒரு தனிப் பகலே கொடுக்கலாம். நாலரை மணிக்குப் போய் டார்ச் அடித்து எட்டிப் பார்க்கிற இடம் இல்லை அது. பஸ் ஆளை மட்டுப்படுத்துகிறது. இந்தக் குணத்துக்காகவே எனக்கு பஸ் பிடிக்கும்.

பஸ் நேரம், வெயில் எல்லாம் பார்த்த பிறகு கடைசியாக ஒன்று பார்ப்பேன், பஞ்சாங்கம். தேதியை முடிவு செய்து அறை போட்ட பிறகு என்னிடம் வருபவர்களுக்கு இதனால்தான் சங்கடம். அமாவாசை இரவு மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம். எங்கெங்கிருந்தோ சிறப்பு பஸ் விடுவார்கள், செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமிருக்காது. பௌர்ணமியில் திருவண்ணாமலை கிரிவலம். திண்டிவனம் பக்கத்துக் கூட்டம் முழுக்க செஞ்சி வழியாகத்தான் போகும். வழக்கமாக கிராமத்துக்கு ஓடும் வண்டிகளைக்கூட சில சமயம் சிறப்பு நடைக்கு எடுத்துக்கொள்வார்கள். லாட்ஜும் கிடைக்காது. எனவே பிறைக்கும் நிலவுக்கும் நடுவில் வருகிற வார இறுதி பார்த்துக்கொள்ள வேண்டும். மாசியில் மயானக் கொள்ளை, கார்த்திகையில் தீபம்: அந்த நாட்களில் செஞ்சிப் பக்கமே வேண்டாம், பக்திக்கு வருகிறவர்கள் தவிர.

கோட்டையைப் பற்றி நான் அதிகம் எழுதிக்கொடுப்பதில்லை. 2025 ஜூலையில் மராத்தியக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருக்கும் ஒரே கோட்டை செஞ்சி. அதன்பின் தகவலுக்குக் குறைவில்லை. மதியத்துக்கு மேல் ராஜகிரி உச்சிக்கு ஏற விடமாட்டார்கள் என்பதையும், குரங்குகளுக்குத் தெரியும்படி தின்பண்டம் வைக்காதீர்கள் என்பதையும், கிருஷ்ணகிரியா ராஜகிரியா என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள் என்பதையும் சொல்வேன். ஒரே காலையில் இரண்டும் ஏறினவர்கள் இரண்டையும் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. முழங்கால் வலிக்காரர்கள் கீழேயே கல்யாண மகால், களஞ்சியம், வெங்கடரமணர் கோயில் என்று அரை நாளை நன்றாகவே கழிக்கலாம்.

இப்போது மேசைமேல் இருப்பது, அந்த ஃபிரைபர்க் மாணவன் ஜனவரியில் தன் ஜெர்மன் நண்பர்கள் இருவரோடு ஊருக்கு வருகிற திட்டம். சனி, ஞாயிறு தவிர்த்து வார நாள் இரண்டு கொடுத்திருக்கிறான், அமாவாசையும் இல்லை, பௌர்ணமியும் இல்லை, தெற்குச் சூரியன். எல்லாம் கூடி வந்திருக்கிறது. நேற்று போன் செய்து, "சார், மாமல்லபுரத்தையும் சேர்த்துடலாமா? அவங்களுக்கு அந்தப் பேருதான் தெரியும்" என்றான். முடியாது என்றேன். தெரிந்த பேரைப் பார்க்க அவர்களாகவே போய்க்கொள்வார்கள், தளவானூருக்கு நாம் கூட்டிப்போகாவிட்டால் யார் கூட்டிப்போவார்கள் என்று கேட்டேன். "அப்ப பாரிஸை எடுத்த மாதிரி இதையும் எடுத்துட்டீங்க" என்று சிரித்தான். நண்பர்களிடம் பேசிவிட்டுச் சொல்வதாக வைத்திருக்கிறான். இன்னும் பதில் வரவில்லை. நான் இதற்குள் மண்டகப்பட்டுத் தேநீர்க் கடைக்காரரிடம் செவ்வாய்க்கிழமை டவுன் பஸ் நேரத்தைக் கேட்டு வாங்கிவிட்டேன்.